அப்பாவின் குரல் வரவில்லை என்றால்

அப்பாவின் வாழ்க்கை வரலாற்றை அவர் பெயரில் எழுதித் தரும் கோஸ்ட்ரைட்டர் அனுப்பிய முதல் அத்தியாயம் அழகாக இருக்கிறது, ஆனால் "இது அப்பா பேசுவது மாதிரியே இல்லை" என்று கேட்டிருந்தீர்கள். நானும் என் மாமாவின் புத்தகத்தில் இதே இடத்தில் மாட்டிக்கொண்டேன். ஆளை மாற்ற அவசரப்படாதீர்கள்.

கோஸ்ட்ரைட்டருக்கு என்ன கொடுத்தீர்கள்? குறிப்புகள் மட்டும் என்றால் அவர் நடைதான் வரும். அப்பாவைப் பேசவிட்டுப் பதிவு செய்யுங்கள். தேதிவாரியாகக் கேட்காமல் ஒரு பழைய போட்டோவைக் கையில் கொடுத்துக் கேளுங்கள், பேச்சு தானாக வரும். அதை இலக்கணம் திருத்தாமல் அப்படியே தட்டச்சு செய்து அனுப்புங்கள். அப்பா அடிக்கடி சொல்லும் வார்த்தைகள், பாதியில் நிறுத்தும் இடங்கள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். அப்புறம் அதே அத்தியாயத்தைத் திரும்ப எழுதச் சொல்லி, அப்பாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். அவர் முகம் சுளிக்கும் வரிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு மூன்றாவது வரைவில்தான் மாமா கிடைத்தார்.

ஒப்பந்தத்தையும் பாருங்கள். பதிப்புரிமையை எழுத்துமூலம் மாற்றித் தராவிட்டால் பல நாடுகளில் அது எழுதிய கோஸ்ட்ரைட்டருக்கே. எத்தனை திருத்தம், ஒலிப்பதிவுகள் யாருக்கு என்பதையும் சேர்த்துவிடுங்கள்.