அப்டேட் போட்டால் ஐபேட் கணினி ஆகிவிடுமா?

"மகள் அடுத்த ஆண்டு படிவம் 4. வீட்டில் 8-ஆம் தலைமுறை ஐபேட் இருக்கிறது. புது அப்டேட் போட்டால் அது கணினி மாதிரியே ஆகிவிடும், மடிக்கணினி வாங்க வேண்டாம் என்கிறார்கள். உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பார்வைக்குக் கணினி மாதிரி ஆகிவிட்டது, அது உண்மைதான். ஆனால் மடிக்கணினி வேண்டுமா வேண்டாமா என்பதை மகள் எடுக்கப்போகும் பாடம்தான் முடிவு செய்யும், அப்டேட் அல்ல. நான் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் தட்டச்சு, போட்டோஸ்டாட், அச்சு வேலைக்கான சின்னக் கடை நடத்துகிறேன். சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து வருமானவரி, இபிஎஃப் (ஊழியர் சேமநிதி), பள்ளி வேலை, மனு என்று எதற்காவது ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். இப்போது பலர் கையில் டேப்லெட்டோடுதான் வருகிறார்கள். எது அதில் முடிகிறது, எது முடியாமல் என் கணினிக்கு வருகிறது என்பதைத் தினமும் பார்க்கிறேன்.

ஐபேட்டில் மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. 2015-இல், ஐபேட்டை இயக்கும் மென்பொருளான ஐஓஎஸ் 9 திரையை இரண்டாகப் பிரித்துக் கொடுத்தது. 2017-இல் கோப்புகளுக்கென்று ஒரு செயலி வந்தது. 2019-இல் ஐபேட்ஓஎஸ் என்று தனிப் பெயர், பென்டிரைவ் வசதி. 2020 மார்ச்சில் மவுஸும் டிராக்பேடும் முறையாக வேலை செய்தன. 2022-இல், பல செயலிகளைத் தனித்தனிச் சன்னல்களாக வைக்கும் ஸ்டேஜ் மேனேஜர். 2025 செப்டம்பரில் வந்த ஐபேட்ஓஎஸ் 26-இல் சன்னல்களை விரும்பிய அளவுக்கு இழுக்கலாம், நகர்த்தலாம், மேலே மெனு பட்டை வருகிறது. மேக் கணினியில் இருப்பதுபோல் சிவப்பு, மஞ்சள், பச்சைப் பொத்தான்கள்கூட மூலையில் இருக்கின்றன. மவுஸ் முனைக்குப் போதுமான அளவு விரலுக்குப் போதாது என்பதால், தொட்டதும் அவை பெரிதாகும்படி செய்திருக்கிறார்கள். நல்ல யோசனை.

ஆனால் என்னைக் கேட்டால், மக்கள் வேலையை உண்மையில் மாற்றியது 2025 அல்ல, 2019. அந்த ஆண்டு சஃபாரி உலாவி, இணையதளங்களின் கைப்பேசி வடிவத்தை விட்டுவிட்டுக் கணினி வடிவத்தையே திறக்க ஆரம்பித்தது. அதற்கு முன்பு ஐபேட்டோடு வருபவருக்கு ஒரு ஃபாரம் நிரப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பாதிப் பக்கம் மறைந்திருக்கும், அடுத்த பக்கத்துக்குப் போகும் பொத்தான் எங்கே என்று தேட வேண்டும், கடைசியில் "தம்பி, உங்க கணினியிலேயே போட்டுடுங்க" என்பார்கள். இப்போது இ-ஃபைலிங் கூட்டம் நெருக்கும் ஏப்ரலில்கூடப் பலர் தங்கள் டேப்லெட்டிலேயே முடித்துவிட்டு, அத்தாட்சியை அச்செடுக்க மட்டும் வருகிறார்கள். ஒருவருடைய வேலை முழுக்க உலாவிக்குள் முடிந்துவிடும் என்றால், அவருக்கு டேப்லெட் எப்போதோ கணினி ஆகிவிட்டது.

உலாவிக்கு வெளியே கதை வேறு. பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) அண்ணன் ஒருநாள் ஐபேட்டில் ஓர் எக்செல் கோப்போடு வந்தார். தலைமை அலுவலகம் அனுப்பியது. யார் எத்தனை நாள் பெரட்டுக்கு (காலை வருகைப் பதிவுக்கு) வந்தார், எத்தனை டன் குலை வெட்டினார் என்று கட்டம் கட்டமாக இருந்தது. கீழே ஒரு பச்சைப் பொத்தான். அதை அழுத்தினால் ஒவ்வொருவருக்கும் சம்பளக் கணக்கு தனித்தனித் தாளாக வந்துவிட வேண்டும். ஐபேட்டில் கோப்பு அழகாகத் திறந்தது, நிறம் சரி, எண்கள் சரி. பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. "டேப்லெட் பழுதா தம்பி?" என்று கேட்டார். பழுதில்லை. அந்தப் பொத்தானுக்குப் பின்னால் இருப்பது மேக்ரோ, அதாவது எக்செலுக்குள் எழுதி வைத்த ஒரு சின்ன நிரல். ஐபேட்டுக்கான எக்செல் மேக்ரோவை ஓட்டாது, ஆண்ட்ராய்டு எக்செலும் ஓட்டாது. கோப்பை என் கடைப் பழைய விண்டோஸ் கணினிக்கு மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னேன். அது திறப்பதற்குள் ஒரு தேத்தண்ணி குடித்துவிடலாம், அவ்வளவு மெதுவான இயந்திரம். ஆனால் அழுத்தியதும் சம்பளத் தாள்கள் வரிசையாக வந்தன.

அச்சிடுவதும் அப்படித்தான். என் கடை லேசர் பிரிண்டர் யூஎஸ்பி கேபிளில் ஓடும் பழைய ரகம். கணினியில் அதற்கான டிரைவரை, அதாவது பிரிண்டரோடு பேசவைக்கும் மென்பொருளை, ஒருமுறை போட்டால் போதும். ஐபேட்டில் அப்படிப் பிரிண்டர் டிரைவர் போட வழியில்லை, பெரும்பாலும் ஏர்பிரிண்ட் என்ற ஆப்பிளின் அச்சு முறை தெரிந்த பிரிண்டரோடுதான் பேசும். எத்தனை சன்னல் திறந்தாலும் இது மாறாது. ஆகவே புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) கோப்பை எனக்கு அனுப்புகிறார்கள், நான் அச்செடுத்துக் கொடுக்கிறேன்.

இது இயந்திரத்தின் பலவீனம் என்று நினைத்துவிடாதீர்கள். 2020 கடைசியில் வந்த ஆப்பிள் மடிக்கணினியான மேக்புக் ஏரில் இருப்பது எம்1 சில்லு. 2021 ஐபேட் புரோவிலும் அதே எம்1தான். முதலாவதில் எங்கிருந்து வேண்டுமானாலும் மென்பொருளை இறக்கிப் போடலாம், நிரல் எழுதலாம், டிரைவர் போடலாம். இரண்டாவதில், நம் நாட்டில், ஆப் ஸ்டோர் கொடுப்பதைத்தான் போடலாம். சில்லு ஒன்று, சுதந்திரம் வேறு. ஸ்டேஜ் மேனேஜரை அறிவித்தபோது எம்1 இருந்தால்தான் முடியும் என்றார்கள். பிறகு 2018, 2020 ஐபேட் புரோக்களுக்கும் கொடுத்தார்கள். இப்போது ஐபேட்ஓஎஸ் 26-இன் சன்னல்கள் உங்கள் வீட்டு 8-ஆம் தலைமுறை வரை வந்துவிட்டன. நேற்றுவரை முடியாதது இன்று முடிகிறது என்றால், கதவைத் திறப்பது நிறுவனத்தின் முடிவில் இருக்கிறது. இன்னும் திறப்பார்கள் என்றுதான் நானும் நம்புகிறேன். அதற்காக, நாளை வரப்போகும் அப்டேட்டை நம்பி இன்று பணம் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆண்ட்ராய்டு பக்கம் சாம்சுங் 2017-லேயே டெக்ஸ் என்ற கணினித் தோற்றத்தைக் கொண்டுவந்து, 2018-இல் டேப் எஸ்4-இல் டேப்லெட் திரையிலேயே ஓடவைத்தது. கோப்புகளைக் கையாள்வதில் ஆண்ட்ராய்டு கொஞ்சம் தாராளம். கூகிளும் ஆண்ட்ராய்டையும், தன் மடிக்கணினி மென்பொருளான குரோம்ஓஎஸ்ஸையும் ஒன்றாக்கும் வேலையில் இருப்பதாக 2025-இல் சொல்லியிருக்கிறது. ஆனால் மலிவு விலை ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளில் பலவற்றுக்கு அப்டேட்டே சரியாக வருவதில்லை. வாங்கிய அன்று இருந்ததோடு சரி.

சரி, உங்கள் மகள் விஷயத்துக்கு வருகிறேன். தமிழ், மலாய்க் கட்டுரை, கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளமான டெலிமா வழியாக வரும் வீட்டுப்பாடம், காணொளிப் பாடம், குறிப்பெடுப்பது, இதற்கெல்லாம் ஐபேட் தாராளமாகப் போதும். அஞ்சல், தமிழ்99 இரண்டு விசைப்பலகைகளும் அதிலேயே இருக்கின்றன, தனியாக எதுவும் வாங்க வேண்டாம். சாதாரண புளூடூத் மவுஸும் விசைப்பலகையும் சேர்த்தால் கட்டுரை வேலை சுகமாக நடக்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: 10.1 அங்குலத்துக்கு மேற்பட்ட திரையில் வேர்டு, எக்செல் கோப்புகளைத் திருத்த மைக்ரோசாஃப்ட் சந்தா கேட்கும். உங்கள் ஐபேட் 10.2 அங்குலம்! பள்ளி கொடுக்கும் டெலிமா கணக்கில் நுழைந்து பாருங்கள், இல்லாவிட்டால் கூகிள் டாக்ஸ் இருக்கிறது.

அப்டேட் போடுவதற்கு முன் எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது என்று பாருங்கள். அந்த மாடலில் 32 ஜிபியும் உண்டு. படங்களும் காணொளிகளும் நிறைந்திருந்தால் அப்டேட் இறங்கவே இறங்காது, முதலில் படங்களை வேறெங்காவது நகலெடுத்து வையுங்கள். கைப்பேசித் தரவில் இறக்காமல் வைஃபை இருக்கும் இடத்தில் போடுங்கள், கோப்பு பல ஜிபி வரும். போட்ட பிறகு இரண்டு சன்னலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள், அந்தத் திரைக்கு அதுதான் அளவு. மூன்றாவதைத் திறந்தால் கண்ணுக்கும் கஷ்டம், 3 ஜிபி ரேமுக்கும் கஷ்டம்.

மகள் கணினி அறிவியல் எடுப்பதாக இருந்தால் மடிக்கணினி வாங்கிவிடுங்கள். நிரல் எழுதி, ஓட்டி, பிழை பார்த்து, திரும்ப எழுத வேண்டிய பாடம் அது. ஐபேட்டில் அதற்குச் செயலிகள் இருந்தாலும், ஆசிரியர் வகுப்பில் காட்டும் அதே மென்பொருளை வீட்டில் போட முடியாமல் பிள்ளை தவிக்கும். புதிது கட்டுப்படியாகாவிட்டால் ஈப்போவில் பழைய மடிக்கணினி வாங்கலாம். 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி இருந்தால் பள்ளிக்குப் போதும். ஆனால் விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறைக்கு முந்தைய சில்லுகளை விண்டோஸ் 11 பொதுவாக ஏற்பதில்லை. பழையதைத் தலையில் கட்டப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், காசு கொடுப்பதற்கு முன் எந்தத் தலைமுறை என்று திரையில் காட்டச் சொல்லிப் பாருங்கள்.