பீன்ஸ் வேகாததற்குத் தக்காளிதான் காரணம்

கேள்வி: காலைப் பசியாறலுக்கு ரொட்டியுடன் டின் பீன்ஸ்தான் வேண்டும் என்கிறார்கள் பிள்ளைகள். சர்க்கரைக்குப் பயந்து வீட்டிலேயே செய்தேன். இரவு முழுக்க ஊறிய வெள்ளை பீன்ஸைத் தக்காளியோடு இரண்டு மணி நேரம் வேகவைத்தும் கடினமாகவே இருந்தது. எங்கே தவறு? – வாசகி, பட்டர்வொர்த்

பதில்: தக்காளியை அவசரப்பட்டுப் போட்டதுதான் தவறு. பயறு குழைய வேண்டுமானால் அதன் செல்சுவரிலுள்ள பெக்டின் என்ற பசை கரைய வேண்டும். புளிப்பு அதைக் கரைய விடாது. காய் வெந்த பிறகு புளி கரைத்து ஊற்றுகிறோமே, அதே கணக்குதான். விரலிடுக்கில் அழுத்தினால் பீன்ஸ் மசிய வேண்டும். தக்காளியின் முறை அதற்குப் பிறகுதான்.

பழைய சரக்கோ என்ற சந்தேகமும் எனக்கு உண்டு. வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த இடத்தில் மாதக்கணக்கில் கிடந்த பயறு எவ்வளவு ஊறினாலும் விறைப்பாகவே இருக்கும். பினாங்கின் தட்பவெப்பம் அதற்கென்றே அமைந்தது போன்றது. லெபு பசார் கடைத்தெருப் பக்கம் வாங்குவதானால் விற்பனை மும்முரமாக நடக்கும் மளிகைக் கடையாகப் பாருங்கள்.

200 கிராம் பீன்ஸை ஒரு லிட்டர் நீரில் இரண்டு தேக்கரண்டி உப்பிட்டு 8 முதல் 12 மணி நேரம் ஊறவையுங்கள். உப்பு போட்டால் பயறு வேகாது என்பார்கள். உண்மையில் ஊறும்போது சேரும் உப்பு தோலை மென்மையாக்கும். வெளியே வைத்தால் நுரைத்துவிடும், குளிர்சாதனப் பெட்டியே நல்லது. பிறகு அந்த நீரைக் கொட்டி, அலசி, புது நீரில் வேகவையுங்கள்.

இனிப்புக்கு இரண்டு வெங்காயத்தைச் சிறுதீயில் கால் மணி நேரம் பொன்னிறமாக வதக்கி, துருவிய கேரட், பூண்டு, நான்கு தக்காளி சேருங்கள். கூலா மலாக்கா (தென்னை வெல்லம்) ஆரோக்கியமானது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அதுவும் சர்க்கரையே. வெந்த பீன்ஸை இதில் சேர்த்து, ஒரு கரண்டியை மட்டும் மசித்துக் கலந்தால் குழம்பு கெட்டியாகும். மிளகுத்தூளும் கடுகுத்தூளும் சிறிது தூவி, மூடி, இருபது நிமிடம் சிறுதீயில் விடுங்கள். ஓவன் கட்டாயமில்லை, ‘பேக்ட் பீன்ஸ்’ என்று டின்னில் வருவதும் சுட்டதல்ல, மூடிய டின்னுக்குள் வெந்ததுதான்.

வெள்ளை பீன்ஸ் கிடைக்காமல் ராஜ்மா வாங்கினால் கூடுதல் எச்சரிக்கை தேவை. அதிலுள்ள லெக்டின் என்ற நச்சு, தளதளவெனக் கொதித்தால்தான் அழியும். ஊறிய ராஜ்மாவை முதலில் அரை மணி நேரம் நன்றாகக் கொதிக்க விடுங்கள். ஸ்லோ குக்கரில் நேரடியாகப் போடவே கூடாது.

பிள்ளைகள் முகம் சுளித்தால் முதல் வாரம் டின் பீன்ஸில் பாதிக்குப் பாதி கலந்து கொடுங்கள். மீந்தது குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நாள் தாங்கும்.