வாந்திப் பையும் எச்சரிக்கையும்

அன்புள்ள ஐயா,

போன மாதம் வீட்டில் நண்பர்களுக்கு ‘பிளட் ஃபீஸ்ட்’ (1963) என்ற அமெரிக்கத் திகில் படத்தைப் போட்டுக் காட்டினேன். ஆரம்பித்துச் சில நிமிடத்திலேயே ஒரு தோழி எழுந்து போய்விட்டாள். முன்பே சொல்லியிருக்க வேண்டாமா என்று எல்லோரும் என்னைத் திட்டினார்கள். அறுபது வருடப் பழைய படம், ரத்தம் பெயின்ட் மாதிரி இருக்கிறது. இதற்குக்கூடவா எச்சரிக்கை? சொல்லிவிட்டால் அதிர்ச்சி போய்விடாதா? இந்தத் தலைமுறைக்கு மனத்திடமே இல்லையா?

க.

அன்புள்ள க.,

தலைமுறைக் கேள்வியை விட்டுவிடுவோம், அதில் ஒன்றுமில்லை. தோழி எழுந்து போனதை எழுதியிருக்கிறீர்கள், ஏன் போனாள் என்பதை எழுதவில்லை. கேட்டீர்களா?

நீங்கள் வேண்டாம் என்கிற எச்சரிக்கை அந்தப் படத்தோடு கூடப் பிறந்தது. இயக்குநர் ஹெர்ஷல் கார்டன் லூயிஸும் தயாரிப்பாளர் டேவிட் ஃப்ரீட்மனும் மயாமியில் மிகக் குறைந்த செலவில் எடுத்த படம். இதய நோய் உள்ளவர்கள் இதைப் பார்க்கவே கூடாது என்று முன்னோட்டத்திலேயே ஒருவர் வந்து சொல்வார். பார்க்க வந்தவர்களுக்கு வாந்திப் பை கொடுத்தார்கள். அதற்கு 5 வருடம் முன்பே வில்லியம் காசில் என்ற இயக்குநர், தன் ‘மெக்காபர்’ படம் பார்த்துப் பயத்தில் செத்தால் 1,000 டாலர் காப்பீடு என்று விளம்பரம் செய்தார். எல்லாம் கூட்டம் சேர்க்கத்தான். ‘உனக்குத் தைரியம் இருக்கிறதா, உள்ளே வா’ என்கிற சீண்டல்.

அவற்றில் ஒன்றுகூடப் படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லவில்லை. நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். ‘கோரக் காட்சிகள் உண்டு’ என்றால் யாருக்கு என்ன தெரியும்? கொலைகாரன் குளியல் தொட்டியில் ஒரு பெண்ணின் காலை வெட்டுவான், கடற்கரையில் ஒருத்தியின் மூளையை எடுப்பான், விடுதி அறையில் ஒருத்தியின் நாக்கைப் பிடுங்குவான் என்று சொல்லுங்கள். அது ஆட்டு நாக்கு என்று நமக்குத் தெரியும். தெரிந்து என்ன?

என் நண்பன் ஒருவனுக்கு இந்தப் படத்தை டிவிடியில் போட்டேன். அவனுடைய அண்ணனுக்கு ரயில் தண்டவாளத்தில் முழங்காலுக்குக் கீழே கால் போய்விட்டது. அன்று அண்ணனைத் தூக்கியவன் இவன்தான். எனக்கு அது நன்றாகத் தெரியும், க. தெரிந்தும் படத்தோடு சேர்த்து யோசிக்கவில்லை. பழைய படம், பெயின்ட் ரத்தம் என்று நானும் நினைத்தேன். வெட்டிய காலைக் கொலைகாரன் கையில் எடுத்தபோது இவன் சத்தமில்லாமல் எழுந்து வெளியே போனான். கொஞ்ச நேரம் கழித்துப் போய்ப் பார்த்தேன். மாடிப்படியில் உட்கார்ந்து தன் வலது முழங்காலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தான். லுங்கித் துணி விரலுக்கிடையில் கசங்கியிருந்தது. ‘ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?’ என்றான். அவ்வளவுதான் கேட்டான்.

அவனைப் போய் மனத்திடம் இல்லாதவன் என்பீர்களா? அந்த வார்த்தையை யாரைப் பற்றியும் இவ்வளவு சுலபமாக எழுதாதீர்கள். எனக்குக் கோபம் வருகிறது.

அதிர்ச்சி போய்விடும் என்கிறீர்கள். இரண்டு வாரம் கழித்து அவனே கேட்டான்: ‘அந்தக் காட்சி எத்தனையாவது நிமிடத்தில் முடிகிறது?’ பார்த்துச் சொன்னேன். அங்கிருந்து ஆரம்பித்துக் கடைசி வரை பார்த்தான். நாக்குக் காட்சி வரப்போகிறது என்று சொல்லியும் வைத்திருந்தேன். வந்தபோது என் தோளைப் பிடித்துக்கொண்டு கத்தினான். போலீஸ்காரர்கள் வசனம் ஒப்பிக்கும் இடங்களில் விழுந்து விழுந்து சிரித்தான்.

உங்கள் தோழிக்கு என்னவென்று எனக்குத் தெரியாது. ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம், பிடிக்காமல் போயிருக்கலாம். இன்றைக்கே ஃபோன் பண்ணிக் கேளுங்கள், அம்மா. படத்தைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.