ஒலிம்பிக் தரத்தில் நீந்தியவர்கள் வயதான பிறகும் ஏன் மாஸ்டர்ஸ் போட்டிகளுக்கு வருகிறார்கள்?

ஒரு காலத்தில் நாட்டுக்காக நீந்தியவர்கள், அந்த வேகம் போன பிறகும் மாஸ்டர்ஸ் எனப்படும் பெரியவர்களுக்கான நீச்சல் போட்டிகளில் இறங்குவது எதற்கு, சம்பாதித்த பெயரோடு ஒதுங்கிக்கொள்ளலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு தகுதிதான் உண்டு. அப்படிப்பட்ட ஒருவரின் பக்கத்து லேனில் ஆறு வருடமாக நீந்திக்கொண்டிருக்கிறேன்.

நான் நீச்சல் கற்றது கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்கள் தோட்டத்துக் கிணற்றில். முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டி, இடுப்பில் கயிறு போட்டு, மேலே நின்று மாமா பிடித்துக்கொள்வார். போட்டி என்று எதிலும் கலந்துகொண்டதில்லை. கலிஃபோர்னியாவுக்கு வேலைக்கு வந்து, நாற்பது வயதில் முதுகுவலி வந்தபோது டாக்டர் நீந்தச் சொன்னார். வீட்டுக்கு அருகில் ஒரு மாஸ்டர்ஸ் குழு இருந்தது, சேர்ந்தேன். முதல் நாள் காலை ஐந்தே முக்காலுக்கு என்னை விட்ட லேனில் முன்னால் போய்க்கொண்டிருந்தவர் தலை முழுக்க நரைத்த ஒரு அம்மா. அறுபதைத் தாண்டியவர் என்று பார்த்ததுமே தெரிந்தது. நூறு நூறாகப் பத்து முறை நீந்தும் பயிற்சி அது. மூன்றாவது நூறிலேயே எனக்கு மூச்சு வாங்கியது. அவர் கடைசி நூறு வரைக்கும் ஒரே நேரத்தில் வந்து சுவரைத் தொட்டார். கடிகார முள் அவருக்காகவே சுற்றுகிற மாதிரி இருந்தது.

அவர் 1968-ல் அமெரிக்க ஒலிம்பிக் தேர்வுப் போட்டியில் நீந்தியவர் என்று பல மாதம் கழித்து வேறொருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அப்போது அவருக்கு வயது 16. அணியில் இடம் கிடைக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து, 18 வயதில் நீச்சலையே விட்டுவிட்டார். ஏன் விட்டீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். கல்லூரியில் பெண்களுக்கு அணி இல்லை, அவ்வளவுதான் என்றார். உடம்பு தளர்ந்தோ சலித்துப்போயோ அவர் விடவில்லை. நீந்துவதற்கு இடம் இல்லாமல் போனதால் விட்டார்.

உங்கள் கேள்விக்கான பதில் எனக்கு அன்றைக்குத்தான் பிடிபட ஆரம்பித்தது. நீச்சல் வீரர்கள் வேகம் குறைந்ததும் ஓய்வு பெறுகிறார்கள் என்று நாம் நினைக்கிறோம். அந்தத் தலைமுறையில் பலர் விஷயத்தில் அது உண்மையே இல்லை. அமெரிக்க நீச்சல் வீராங்கனை டோனா டி வரோனாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் 17 வயதில் இரண்டு தங்கம் வாங்கினார். அடுத்த வருடமே ஓய்வு. பெண் நீச்சல் வீராங்கனைக்கு உதவித்தொகை கொடுத்துப் படிக்கவைக்கும் கல்லூரி அன்று அங்கே இல்லை. பெண்களுக்குக் கல்லூரி விளையாட்டின் கதவைத் திறந்த ‘டைட்டில் நைன்’ சட்டம் 1972-ல்தான் வந்தது. ஆண்களுக்கும் நிலைமை ரொம்ப மேல் என்று சொல்ல முடியாது. கல்லூரி முடிந்ததும் அவர்களுக்கும் கதவு மூடிவிடும். நீச்சலில் ஒரு காசு சம்பாதித்தாலும், பணத்துக்காக விளையாடாதவர் என்ற அமெச்சூர் தகுதி போய்விடும் என்ற விதி இருந்தது. 1972 மியூனிக்கில் ஏழு தங்கம் வாங்கிய மார்க் ஸ்பிட்ஸ் 22 வயதில் நீச்சலை முடித்துக்கொண்டார். 22 வயதில் யாருக்கு உடம்பு ஓய்கிறது?

இன்னொரு கணக்கு 1980. மாஸ்கோ ஒலிம்பிக்கை அமெரிக்கா புறக்கணித்தபோது அந்நாட்டு நீச்சல் வீரர் ரவுடி கெய்ன்ஸ் தன் உச்சத்தில் இருந்தார். போக முடியவில்லை. ஒதுங்கியவர் திரும்பி வந்து 1984 லாஸ் ஏஞ்சலஸில் மூன்று தங்கம் வாங்கினார் என்பது பலருக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. 1991-ல் கில்லான் பாரே என்ற நரம்பு நோய் தாக்கி உடம்பு செயலிழந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். மீண்டு எழுந்து, குளத்துக்குத் திரும்பி, மாஸ்டர்ஸில் தன் வயதுப் பிரிவில் உலக சாதனைகள் செய்தார். 35 வயதில் 1996 ஒலிம்பிக் தேர்வுப் போட்டிக்கான தகுதி நேரத்தையும் எட்டினார். தகுதி கிடைத்தும் அந்தப் போட்டியில் அவர் இறங்கவில்லை. கை கால் அசையாமல் கிடந்த ஒருவருக்கு அந்த நேரத்தை எட்டியதே போதுமானதாக இருந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

இன்னொரு அமெரிக்க வீரர் ஜெஃப் ஃபாரலின் கதை எனக்கு இன்னும் நெருக்கமானது. 1960-ல் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் அவர்தான் ஜெயிப்பார் என்று எதிர்பார்த்தார்கள். தேர்வுப் போட்டிக்கு ஆறு நாள் முன்னால் குடல்வால் அறுவை சிகிச்சை. பிறகு தனியாக வாய்ப்புத் தருகிறோம் என்று அதிகாரிகள் சொன்னதை மறுத்துவிட்டு, வயிற்றில் கட்டோடு மற்றவர்களோடு சேர்ந்து நீந்தினார். 100 மீட்டரில் நூலிழையில் இடம் போனது. ரிலேயில் இடம் பிடித்து ரோம் நகரில் இரண்டு ரிலே தங்கத்தோடு திரும்பினார். தனி நபர் பதக்கத்துக்கு நீந்தும் வாய்ப்பே அவருக்குக் கிடைக்கவில்லை. அவர் பின்னாளில் பல பத்தாண்டுகள் மாஸ்டர்ஸில் நீந்தி, வயதுப் பிரிவு மாற மாற உலக சாதனைகளை எழுதிக்கொண்டே போனார் என்று படித்தபோது, இவர் ஏன் ஒதுங்கவில்லை என்ற கேள்வி எனக்கு எழவே இல்லை.

சரி, மாஸ்டர்ஸ் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். 1970 மே மாதம் டெக்சாஸின் அமரில்லோவில் ஐம்பதுக்கும் குறைவான பேர் கூடிப் போட்டியிட்டார்கள். அதுதான் அமெரிக்காவின் முதல் தேசிய மாஸ்டர்ஸ் போட்டி. ரான்சம் ஆர்தர் என்ற கடற்படை டாக்டரின் யோசனை அது. பெரியவர்கள் விடாமல் உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்றால் அவர்களுக்கு முன்னால் ஒரு போட்டி இருக்க வேண்டும் என்று அவர் நம்பினார். ஜான் ஸ்பானத் என்ற பயிற்சியாளர் கூட நின்று நடத்தினார். 1986-ல் டோக்கியோவில் உலக மாஸ்டர்ஸ் போட்டி தொடங்கியது. எங்கள் லேன் அம்மா நீச்சலை விட்டதும் அதே 1970-ல்தான். இப்படி ஒன்று ஆரம்பித்திருக்கிறது என்று அவருக்குத் தெரியவர இருபது வருடத்துக்கு மேல் ஆயிற்று. அதை அவர் சொல்லும்போது குரலில் வருத்தம் தெரியும்.

இதில் வயது ஐந்து ஐந்தாகப் பிரிக்கப்படுகிறது. 25 முதல் 29, 30 முதல் 34, இப்படியே நூறு வரைக்கும், அதற்கு மேலும். நீளத்தைக் கஜத்தில் அல்லாமல் மீட்டரில் அளக்கும் குளங்களில் நடக்கும் போட்டிகளில் டிசம்பர் 31 அன்று உங்கள் வயது என்னவோ அதுதான் அந்த வருடம் முழுவதற்கும் கணக்கு. அதனால் டிசம்பரில் பிறந்தவருக்கும் ஜனவரி 1-லேயே புதிய பிரிவு பிறந்துவிடும். எங்கள் குழுவில் இதை ‘ஏஜ் அப்’ என்பார்கள். எனக்கு இது புரியவே கொஞ்ச நாள் ஆனது. நம் ஊரிலும் அறுபதாம் கல்யாணம், எழுபதில் பீமரத சாந்தி என்று கொண்டாடுகிறோம்தான். ஆனால் அதுவரை வந்துசேர்ந்ததற்கான நன்றி அது. இங்கே 69 வயதுக்காரர் 70-ஐ எதிர்பார்த்துக் காத்திருக்கிறார். போன பிரிவில் அவர்தான் மூத்தவர், புதிய பிரிவில் அவர்தான் இளையவர். சாதனைப் பட்டியலில் எட்ட முடியாமல் இருந்த நேரம் திடீரென்று எட்டும் தூரத்துக்கு வந்துவிடும். அந்த அம்மா 70-ஐத் தொடுவதற்கு முந்தைய இலையுதிர் காலத்தில் பயிற்சி செய்த மாதிரி அவர் பயிற்சி செய்து நான் பார்த்ததில்லை.

‘பழைய வேகம் போச்சே’ என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களின் கவலை. நீந்துகிறவர் 18 வயதுத் தன்னோடு போட்டி போடுவதில்லை. போன வருடத்துத் தன்னோடும், அதே வயதுக்காரர்களோடும்தான் போட்டி.

வேகம் எவ்வளவு மெதுவாகக் குறைகிறது என்பதையும் சொல்ல வேண்டும். தண்ணீரின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தை ஒட்டி ஏறுகிறது, அதனால் தேவைப்படும் சக்தி ஏறக்குறைய மூன்றாம் மடிப் பெருக்கமாக ஏறும். இதையே திருப்பிப் பார்த்தால் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. உடம்பின் சக்தியில் கால் பங்குக்கு மேல் போனாலும் வேகத்தில் பத்தில் ஒரு பங்குதான் போகும். அதோடு, சின்ன வயதில் படிந்த நுட்பம் போவதே இல்லை. தண்ணீரைக் ‘கேட்ச்’ பண்ணுவது என்பார்கள், முன்னங்கையைச் செங்குத்தாக நிறுத்தித் தண்ணீரைப் பிடித்துத் தள்ளுவது. நான் ஆறு வருடமாகக் கற்றுக்கொண்டிருக்கிறேன். அந்த அம்மாவுக்கு 12 வயதில் வந்தது, இன்றும் கையிலேயே இருக்கிறது.

தோள்தான் பிரச்சினை. இளமையில் வாரத்துக்குப் பத்து முறை பயிற்சி செய்தவர்களின் தோள் மூட்டு ஏற்கெனவே தேய்ந்திருக்கும். அதனால், திரும்பி வருகிறவர்களில் பலர் குறைவாக நீந்தக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. பழைய வீரர்களுக்கு அதுதான் ரொம்பக் கஷ்டம். மாஸ்டர்ஸ் விதிகளும் உடம்புக்கு இடம் கொடுக்கின்றன. குளத்தின் ஓரத்தில் இருக்கும் பிளாக் என்ற மேடையிலிருந்து குதிக்க முடியாதவர் தண்ணீருக்குள்ளிருந்தே சுவரை உதைத்துக் கிளம்பலாம். இரண்டு காலையும் சேர்த்து உதைக்க வேண்டிய பட்டர்ஃப்ளை நீச்சலில், தவளை மாதிரி உதைக்கும் பிரெஸ்ட்ஸ்ட்ரோக் உதையை உதைக்கலாம்.

திரும்பியே வராதவர்களும் இருக்கிறார்கள், அவர்களையும் மறக்கக் கூடாது. குளோரின் வாசனை பட்டாலே பழைய கெடுபிடிகள் நினைவுக்கு வரும் என்று ஒருவர் என்னிடம் சொன்னார். அவரை நான் வற்புறுத்தவில்லை. வருகிறவர்களும் ஒரே காரணத்துக்காக வருவதில்லை. அமெரிக்க ஒலிம்பிக் வீராங்கனை டாரா டோரஸ் கர்ப்பமாக இருந்தபோது ஒரு மாஸ்டர்ஸ் குழுவோடு நீந்த ஆரம்பித்தார். அங்கிருந்து 2008 பெய்ஜிங் வரை போய் 41 வயதில் மூன்று வெள்ளி வாங்கினார். 50 மீட்டரில் தங்கம் போனது 0.01 நொடியில். முன்னாள் ஒலிம்பிக் சாம்பியன் ஜேனட் எவான்ஸ் 40 வயதில் 2012 அமெரிக்கத் தேர்வுப் போட்டிக்கு வந்தார். 400 மீட்டரில் 80-வது இடம். அந்த 80-வது இடத்தை அவமானமாகப் பேசியவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. குழந்தை பெற்று, பதினைந்து வருடம் விலகியிருந்து, நாட்டின் தேர்வுப் போட்டிக்குத் தகுதி பெறுவது எத்தனை பேரால் முடியும்?

அப்புறம், இவர்கள் வந்தால் எங்களைப் போன்ற சாதாரண ஆட்களுக்கு அநியாயம் இல்லையா என்று கேட்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றியதில்லை. உள்ளூர்ப் போட்டிகளில் பெரும்பாலும் வயதைப் பார்க்காமல் நேரத்தைப் பார்த்துத்தான் லேன் ஒதுக்குகிறார்கள். அதனால்தான் ஒலிம்பிக் தேர்வில் நீந்தியவரின் பக்கத்தில் கிணற்றில் கற்ற நான் நிற்க முடிகிறது. வேறு எந்த விளையாட்டில் இது நடக்கும்? வயது ஏற ஏற இடைவெளியும் குறைகிறது. ஜப்பானின் மியெகோ நாகாவோகா எண்பது வயதுக்கு மேல்தான் நீச்சல் பழகினார். 2015-ல் 100 வயதில் 1500 மீட்டரை ஒரு மணி 15 நிமிடம் 54 நொடியில் முடித்தார். அந்த வயதில் அந்தத் தூரத்தை முடித்த முதல் ஆள் அவர்தான். இளமையில் பதக்கம் வாங்கிய யாரும் அங்கே அவருக்கு முன்னால் இல்லை.

போன வருடம் மீட்டர் குளப் போட்டி ஒன்றில் ஆணும் பெண்ணும் சேர்ந்து, ஆளுக்கு ஒரு நீச்சல் வகையாக நீந்தும் கலப்பு மெட்லி ரிலேயில் எனக்கும் இடம் கிடைத்தது. நான்கு பேர், ஆளுக்கு 50 மீட்டர். ரிலேயில் நான்கு பேரின் வயதையும் கூட்டித்தான் பிரிவு. 240-ஐத் தொட்டால் அடுத்த பிரிவு. கோச் காகிதத்தில் கூட்டிப் பார்த்தார்: 58, 65, என் 46, அந்த அம்மாவின் 72. மொத்தம் 241. அவர் வயதால்தான் நாங்கள் அந்தப் பிரிவுக்குள் வந்தோம்.

மூன்றாவதாக வரும் பட்டர்ஃப்ளை அந்த அம்மாவுடையது, நான்காவது ஃப்ரீஸ்டைல் எனக்கு. பிளாக் மேல் ஏறி நின்று, அவர் திரும்பி என்னை நோக்கி வருவதைப் பார்த்தேன். பிரெஸ்ட்ஸ்ட்ரோக் உதைக்கு அனுமதி இருந்தும் அவர் அதைத் தொடவில்லை. இரண்டு காலும் சேர்ந்து, டால்ஃபின் உதையாகவே, சுவருக்கு முன்னால் குளத்தின் குறுக்கே தொங்கும் கொடிகள் வரைக்கும் வந்தார். பக்கத்து லேனில் அவரைவிட இருபது வயது சின்னவர் ஒருவர் கை தூக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தார். அந்த அம்மா சுவரைத் தொடுவதற்கு முன் என் கால் பிளாக்கை விட்டுவிடக் கூடாது, விட்டால் மொத்த ரிலேயும் செல்லாது. அவர் விரல்கள் சுவரில் படும் வரை கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்து, பட்டதும் குதித்தேன்.