போனில் அசையாமல் இருக்கிறான், கொப்பியில் இருக்கிறானில்லை

மதிப்புக்குரிய ஆலோசகருக்கு,

களுவாஞ்சிக்குடியில் வசிக்கிறோம். என் மகனுக்கு எட்டு வயது, தரம் 3 படிக்கிறான். வகுப்பில் கதிரையில் இருக்கிறானில்லை, பக்கத்துப் பிள்ளையின் கொப்பியை இழுக்கிறான் என்று ரீச்சர் அடிக்கடி கூப்பிட்டுச் சொல்கிறார். பாலர் பாடசாலையிலும் இதே முறைப்பாடுதான். பென்சில், அழிறப்பர் எதுவும் வீடு வந்து சேராது. நாலு கணக்குச் செய்ய இரண்டு மணித்தியாலம். கடைசியில் இரண்டு பேரும் அழுதுதான் முடியும். அப்பம்மா நாவூறு என்று நூல் கட்டிவிட்டார். "போனைக் கொடுத்தால் அசையாமல் இருக்கிறான்தானே, நாலு அடி போட்டால் சரிவரும்" என்கிறார் அவனது அப்பா. உறவினர் ஒருவர் ஏடிஎச்டியாக (கவனம் நிலைக்காமல், துடிதுடிப்பு மிகையாக இருக்கும் ADHD என்ற நிலை) இருக்கலாம் என்றார். மருந்து கொடுத்தால் அதற்கு அடிமையாகி விடுவானா? புலமைப்பரிசில் பரீட்சைக்கு இப்போதே டியூசன் அனுப்ப வேண்டுமா?

– ஒரு தாய்

அன்பான சகோதரிக்கு,

போன் விளையாட்டு நொடிக்கு நொடி நிறம், சத்தம், புள்ளி என்று எதையாவது கொடுத்துக்கொண்டே இருக்கும். கணக்குக் கொப்பி எதுவும் கொடுக்காது. உடனே பலன் கிடைக்காத வேலையில் கவனத்தைப் பிடித்து வைப்பதுதான் ஏடிஎச்டி உள்ள பிள்ளைக்குக் கஷ்டம். ஆகவே போனில் இருப்பதை வைத்து இதைக் கொழுப்பு என்று சொல்ல முடியாது. என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். செய்ய வேண்டிய அந்த நேரத்தில்தான் முடிவதில்லை. பிறகு விழும் அடி அதற்கு உதவாது, பொய் சொல்லத்தான் பழக்கும்.

கடிதத்தை வைத்து நோயை நிர்ணயிக்க முடியாது. 12 வயதுக்கு முன் தொடங்கி, குறைந்தது 6 மாதம் நீடித்து, வீட்டிலும் பாடசாலையிலும் பாதிக்கிறதா என்றுதான் வைத்தியர் பார்ப்பார். இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இதைக் காட்டாது. முதலில் கண்ணையும் காதையும் சோதியுங்கள். பிறகு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு, அவனது கொப்பிகளோடும் வகுப்பு ரீச்சர் எழுதித் தரும் குறிப்போடும் போங்கள்.

வீட்டு வேலையை இன்றே மாற்றலாம். மேசையைச் சுவர்ப் பக்கம் திருப்புங்கள். அதில் ஒரு கொப்பி, ஒரு பென்சில், ஓர் அழிறப்பர் மட்டும். வெள்ளைத்தாளால் மற்றக் கணக்குகளை மூடி ஒன்றை மட்டும் தெரியவிடுங்கள். பக்கம் முழுவதையும் பார்த்தவுடனேயே இந்தப் பிள்ளைகள் களைத்துவிடுவார்கள். 10 நிமிடம் வேலை, 3 நிமிடம் ஓட்டம், திரும்ப 10 நிமிடம். நேரத்தை மணிக்கூடு சொல்லட்டும், நீங்கள் சொன்னால் அது சண்டையாகும். இடைவேளையில் போன் வேண்டாம், திரும்பக் கூட்டி வர முடியாது. கிணற்றடி வரை ஓடிவரட்டும்.

"குளிச்சு, உடுப்பு மாத்தி, புத்தகத்தை எடு" என்பது மூன்று கட்டளை; முதலாவதோடு மற்றது போய்விடும். குசினியிலிருந்து கத்தாமல், கிட்டப் போய்த் தோளைத் தொட்டு ஒன்றை மட்டும் சொல்லுங்கள். அவன் அதைத் திருப்பிச் சொன்ன பிறகு விடுங்கள்.

சுவரில் ஒரு அட்டவணை ஒட்டுங்கள். மூன்று வேலைக்கு மேல் வேண்டாம். செய்த அந்த நிமிடமே சரி அடையாளம் போட்டு, அன்று பின்னேரமே சிறு பரிசு கொடுங்கள். மாதக் கடைசியில் சைக்கிள் என்ற வாக்குறுதி இந்தப் பிள்ளைக்கு எட்டாது. போட்ட அடையாளத்தைக் கோபத்தில் அழிப்பதால்தான் பல வீடுகளில் இது குழம்புகிறது. இரண்டாம் கிழமையில் அவனுக்குச் சலிக்கும். அப்போது அட்டவணையைக் கிழிக்காமல் பரிசை மாற்றுங்கள்.

ரீச்சரிடம் முன்வரிசையில், யன்னலுக்கும் கதவுக்கும் தள்ளி ஓர் இடம் கேளுங்கள். கொப்பி பகிரும் வேலையை அவனிடம் தந்தால் எழும்பித் திரிய நியாயமான காரணமும் கிடைக்கும்.

டியூசன் இப்போது வேண்டவே வேண்டாம். பின்னேரம் ஓடி விளையாடட்டும், இரவில் 9 மணித்தியாலமாவது தூங்கட்டும்.

மருந்து தேவையா என்பதை வைத்தியர் தீர்மானிப்பார். வழக்கமாகக் கொடுப்பது மெதைல்பெனிடேட். சாதாரண மாத்திரை ஏறக்குறைய 4 மணித்தியாலம் வேலை செய்யும். வைத்தியர் சொன்ன அளவில், அவரது கண்காணிப்பில் கொடுத்தால் அடிமையாகும் பயம் வேண்டாம். பசி குறையும் என்பதால் காலைச் சாப்பாட்டை முதலில் கொடுத்து மாத்திரையைப் பிறகு கொடுங்கள். பிந்திக் கொடுத்தால் இரவில் தூக்கம் வராது. குடும்பத்தில் இருதய நோயோ இளவயதில் திடீர் மரணமோ இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் நிறை, உயரம், இரத்த அழுத்தம் பார்க்கிறார்களா என்று கவனியுங்கள், பார்க்காவிட்டால் கேளுங்கள்.