மூன்று வகுப்புக்கு ஒரே அறை: மகள் பின்தங்குவது அதனால்தானா?

கேள்வி: காசிமேட்டில் வசிக்கிறோம். மகள் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் 3-ஆம் வகுப்பு. 1, 2, 3 மூன்றுக்கும் ஒரே அறை, ஒரே டீச்சர். இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறாள், கழித்தலும் வரவில்லை. 15,000 ரூபாய் கொடுத்தால் ஆர்.டி.இ. சீட்டில் தனியார் பள்ளியில் 3-ஆம் வகுப்பிலேயே சேர்த்துவிடுவதாக ஒருவர் சொல்கிறார். மாற்றலாமா?

பதில்: முதலில், அந்தப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள் அம்மா. ஆர்.டி.இ. என்பது கல்வி உரிமைச் சட்டம்; அதன்படி தனியார் பள்ளிகளில் உள்ள 25 சதவீத ஒதுக்கீட்டில் சேர்க்கை எல்.கே.ஜி. அல்லது 1-ஆம் வகுப்பில் மட்டும்தான். விண்ணப்பம் இணையத்தில், கட்டணம் கிடையாது. இடத்தைவிட விண்ணப்பம் கூடினால் குலுக்கல். 3-ஆம் வகுப்புக்கு 'சீட் இருக்கு' என்பவர் உங்களை ஏமாற்றுகிறார்.

வகுப்புகள் சேர்ந்திருப்பதால் மட்டும் படிப்பு கெடாது. டீச்சர் 1-ஆம் வகுப்புப் பிள்ளைகளோடு இருக்கும் அரைமணி நேரம் உங்கள் மகள் என்ன செய்கிறாள் என்று கேளுங்கள். கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தால் அந்த நேரம் வீண். அரசுப் பள்ளிகளின் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அவரவர் கற்றல் அளவுக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிப்பதே இதற்காகத்தான். அவள் எந்த நிலை என்று டீச்சரிடம் கேட்டு, அதற்கேற்ற வேலை தரச் சொல்லுங்கள். டீச்சரை மட்டும் குறை சொல்ல முடியாது: தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளை வரை 2 ஆசிரியர் போதும் என்று கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. ஐந்து வகுப்பை இரண்டு பேர் எப்படிப் பார்ப்பார்கள்? அதிலும் பாட நேரத்தில் செல்போனில் விவரம் ஏற்றச் சொன்னால் எந்த டீச்சரால்தான் முடியும்?

வீட்டில் சோதித்துப் பாருங்கள். பழகிய பாடத்தைக் கொடுத்தால் மனப்பாடமாக ஒப்பித்துவிடுவாள். கடைசி வரியில் நடுச்சொல் ஒன்றைத் தொட்டு வாசிக்கச் சொல்லுங்கள். கெ-கே, கொ-கோ குழம்பினால் தினமும் பத்து நிமிடம் அந்தக் குறிகளை மட்டும் பழக்குங்கள்.

52-இல் 27-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். விடை 35 என்றால், 2-இல் 7 போகாதென்று திருப்பிப் போட்டு 7-இல் 2-ஐக் கழித்திருக்கிறாள். கடன் வாங்குவது புரியவில்லை. பத்துப் பத்துத் தீக்குச்சியாக ஐந்து கட்டு, உதிரியாக இரண்டு வையுங்கள். ஒரு கட்டை அவளே அவிழ்க்கட்டும், உதிரி பன்னிரண்டாகும். அதிலிருந்து ஏழு குச்சியை எடுக்கட்டும், பிறகு இரண்டு கட்டுகளை எடுக்கட்டும். மீதி 25. ஒரு வாரம் குச்சியோடு செய்த பிறகு நோட்டுக்குப் போங்கள்.

தெரு டியூஷனில் பெரும்பாலும் நடப்பது ஹோம்வொர்க் எழுதி முடிப்பதுதான். அதற்கு மாதாமாதம் பணம் கட்டாதீர்கள்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடக் கூடாது: கண். மூன்று வகுப்பும் ஒரே அறையில் இருப்பதால் பலகைக்குப் பக்கவாட்டில், தூரத்தில் உட்கார்ந்திருக்கலாம். புத்தகத்தில் சரியாகப் படித்துப் பலகையில் மட்டும் தப்பாக எழுதுகிறாளா? கண்ணைச் சுருக்குகிறாளா? பத்தடி தூரத்தில் காலண்டரை மாட்டி, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி வாசிக்கச் சொல்லுங்கள், பிறகு மறு கண். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தால் எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கு இந்த வாரமே கூட்டிப் போங்கள். வித்தியாசம் தெரியாவிட்டாலும் சந்தேகம் இருந்தால் போய்விடுங்கள். கண்ணாடிக் கடைச் சோதனையோடு நிறுத்திவிட வேண்டாம். அதுவரை முன்வரிசையில் உட்கார வைக்கச் சொல்லி டீச்சரிடம் நாளைக்கே பேசுங்கள்.