2014-ல் அமெரிக்காவில் எபோலா பீதி அவ்வளவு பெரிதாகக் கிளம்பியது ஏன்?

நவம்பர் 4 அன்று நாடாளுமன்றத் தேர்தல் இருந்தது முக்கியக் காரணம். அமெரிக்காவில் சிகிச்சை பெற்றவர்கள் 11 பேர், இறந்தவர்கள் 2 பேர். மேற்கு ஆப்பிரிக்காவில் 11,000-க்கும் மேல் இறந்தார்கள். டிவியில் ஓடியதோ டெக்சாஸ் மாநிலத்தின் டல்லாஸ் நகரில் வந்த நோயாளியின் கதைதான்.

எபோலா காற்றில் பரவாது. அறிகுறி உள்ளவரின் ரத்தம், வாந்தி, மலம் போன்றவை பட்டால் தொற்றும். அறிகுறி தெரிய 2 முதல் 21 நாள் ஆகும். ஆகவே தொடர்பில் இருந்தவருக்கு 21 நாள் தினமும் இருவேளை காய்ச்சல் பார்த்து, ஏறினால் உடனே தனிமைப்படுத்த வேண்டும். காய்ச்சல் தொடங்கி 3 நாள்வரை வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை 'இல்லை' என்று காட்டக்கூடும். அதை நம்பி விட்டுவிடாமல் மறுபடி எடுக்க வேண்டும்.

அரசியல்வாதிகள் பிடித்துக்கொண்டது மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வருவோருக்கான பயணத்தடையை. தடை போட்டால் ஆட்கள் சுற்றுவழியில் வந்து, எங்கிருந்து வந்தோம் என்பதை மறைப்பார்கள். பிறகு யாரைக் கண்காணிப்பது? நியூஜெர்சி, நியூயார்க் ஆளுநர்கள் எபோலா நோயாளிகளைக் கவனித்துத் திரும்பிய, காய்ச்சலே இல்லாத மருத்துவப் பணியாளர்களுக்கும் கட்டாயத் தனிமை அறிவித்தார்கள். நோய் பரவிய சியரா லியோனுக்குச் சிகிச்சை தரப் போகத் துணிந்தவர்களுக்கு இதைவிடப் பெரிய முட்டுக்கட்டை வேண்டுமா?

உண்மையான ஓட்டை டல்லாஸில் இருந்தது. அமெரிக்காவில் கண்டறியப்பட்ட முதல் நோயாளி செப்டம்பர் 25 அன்றே காய்ச்சலோடு மருத்துவமனைக்கு வந்தும் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். பின்னர் அவரைக் கவனித்த செவிலியர்கள் இருவருக்குத் தொற்றியது. தேர்தல் முடிந்ததும் சேனல்களுக்கு எபோலா சட்டென்று மறந்துபோனது.